குறட்டை, இறங்காத பிபி, ஏறும் சுகர்: ஸ்லீப் ஸ்டடி முதல் சிபேப் மெஷின் வரை

மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்தியும் காலையில் வெறும் வயிற்றுச் சுகர் 140-க்குக் கீழே வரவில்லை. படுத்தால் அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை. இந்த மூன்றும் உங்கள் வீட்டில் ஒரே ஆளிடம் இருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள்.

என் கணவருக்கு இப்படித்தான் இருந்தது. பிபிக்கு ஒரு மருத்துவர், சுகருக்கு இன்னொருவர், இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்கு மூன்றாவது ஒருவர் என்று அலைந்தோம். மாத்திரைதான் கூடிக்கொண்டே போனது. “எப்படித் தூங்குகிறீர்கள்?” என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், இரவில் தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி எடுத்த பிறகுதான் தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஸ்லீப் அப்னியா என்று தெரிந்தது. எங்கே போவது, என்ன காகிதம் கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும், எந்த இடத்தில் பணத்தை விட்டுவிடுவோம் என்று சொல்ல அப்போது எங்களுக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் செலவு செய்ய மனசு வரும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அப்படித் தளரும்போது மூச்சுப்பாதையே மூடிக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேல் மூச்சு நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உடம்பை அரைத்தூக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வரும், ‘கர்ர்’ என்று ஒரு பெரிய மூச்சோடு தொண்டை திறக்கும். ஒவ்வொரு முறையும் அட்ரினலின் பாய்ந்து பிபி எகிறும். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது தடவை நடக்கும். படுத்திருப்பவருக்கு எதுவும் நினைவிருக்காது. நல்ல தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் அதுதான் ஓய்வு. இவர்களுக்கு அந்த ஓய்வே கிடைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத பிபி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவை இவர்களிடம் அதிகமாகக் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுகர் விஷயமும் இப்படித்தான். ஆக்சிஜன் இறங்கி ஏறுவதும் தூக்கம் துண்டு துண்டாவதும் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கின்றன. மூச்சு நிற்காமல், தூங்கும் நேரம் மட்டும் குறைந்தாலே போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், அந்த ஆறு நாளிலேயே சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துவிட்டது. அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான தன் பட்டியலில் உணவு, உடற்பயிற்சி, பிபி, சுகர், கொழுப்பு, எடை, புகையிலை ஆகிய ஏழோடு எட்டாவதாகத் தூக்கத்தை 2022-ல் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் அளவு.

சரி, வேலைக்கு வருவோம்.

1. எந்த வகைத் தூக்கக் குறை என்று பிரியுங்கள்

எல்லாருக்கும் ஸ்லீப் ஸ்டடி வேண்டாம். படுக்கவே நேரமில்லாமல் ஐந்து மணி நேரம் தூங்குபவர், படுத்தும் தூக்கம் வராதவர், தூங்கியும் மூச்சு நிற்பவர் என்று மூன்று வகை. முதல் வகைக்குச் சோதனை தேவையில்லை, படுக்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது வகைக்கு முதல் சிகிச்சை தூக்க மாத்திரை அல்ல. தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி-ஐ. மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ கேளுங்கள்.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகைக்கு. அதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். சத்தமான குறட்டை உண்டா, பகலில் சோர்வா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பிபி உண்டா, உடல் பருமன் குறியீடு 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா? மூன்று ‘ஆம்’ வந்தால் சோதிக்கலாம். ஐந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது வராது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு எடை அவ்வளவு கூடாமலேயே வருகிறது. தாடை சிறியதாக இருந்தாலும் உள்நாக்குச் சதை வளர்ந்திருந்தாலும் வரலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கூடுகிறது. அவர்களிடம் குறட்டையைவிடக் காலைத் தலைவலி, அசதி, தூக்கம் கலைவது என்று வெளிப்படுவதால் “வயசாச்சு, டென்ஷன்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு, இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது. சுகரும் புராஸ்டேட்டும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறைகள் இழுபட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கின்றன. அதனாலும் எழ வேண்டியிருக்கும்.

2. இரண்டு வாரம் வீட்டில் ஆதாரம் சேருங்கள்

மருத்துவர் அறையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். “குறட்டை விடுறார் டாக்டர்” என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். கையில் ஆதாரம் இருந்தால் பேச்சே வேறு.

பக்கத்தில் படுப்பவர் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது, மார்பும் வயிறும் தெரிகிற மாதிரி, இரண்டு மூன்று நிமிடம். குறட்டை நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, மூச்சுக் காற்று வராமல், பிறகு திணறி மூச்சு வாங்குவது அதில் பதிவானால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் கூடுதல், தசை இன்னும் தளரும்.

ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், எத்தனை முறை எழுந்தார், காலைத் தலைவலி உண்டா, பகலில் எங்கே தூங்கி விழுந்தார் என்று குறியுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை பிபி பாருங்கள். காலை அளவு தொடர்ந்து அதிகமாக இருப்பது மருத்துவருக்கு முக்கியமான தகவல். எப்வொர்த் அளவுகோல் என்ற எட்டுக் கேள்விகளையும் போட்டுப் பாருங்கள்: டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 24-க்கு 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் இயல்பை மீறியது.

ஸ்மார்ட் வாட்ச் ஆக்சிஜன் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். சந்தேகப்பட அது போதும். ‘எல்லாம் சரி’ என்று காட்டினால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

3. ஃபைலில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஃபைல், தேதி வரிசையில். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு (தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சித்த மருந்து உட்பட). கடைசி ஆறு மாத பிபி அளவுகள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக் குறித்திருந்தால் அதுவும் செல்லும். சுகரின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி. கொழுப்பு, கிரியேட்டினின். ஈசிஜி, எக்கோ. தைராய்டுக்கு டிஎஸ்எச், தைராய்டு குறைந்திருந்தால் அதனாலேயே மூச்சுப்பாதை அடைபடலாம், எடையும் கூடும். மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்று செலுத்தும் சிபேப்) வாங்கினாலும் இல்லாவிட்டாலும் அதையும் சரிசெய்ய வேண்டும்.

எக்கோ ஏன் என்றால், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் விகிதம் குறைந்திருப்பவர்களுக்கு வேறு வகை அப்னியா வரலாம். அதில் தொண்டை அடைபடுவதில்லை. மூச்சு விடச் சொல்லும் சமிக்ஞையே மூளையிலிருந்து வராது. சோதனையும் மெஷினும் அதற்கு மாறும். ஏஎஸ்வி என்ற ஒரு வகை மெஷின், இந்த விகிதம் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கிற இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இதயச் சாவைக் கூட்டியது என்று 2015-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே எக்கோ அறிக்கை இல்லாமல் யாராவது ஏஎஸ்வி மெஷினை எழுதிக் கொடுத்தால் நின்று கேளுங்கள்.

4. எந்த மருத்துவர்?

தூக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்ற நெஞ்சக மருத்துவர் என்றால் நேராகப் போகலாம். பெரும்பாலான ஊர்களில் அவர்கள்தான் ஸ்லீப் ஸ்டடி பார்க்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் சில இடங்களில் செய்கிறார்கள். மூக்கு ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு, டான்சில் பெரியது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். செலவு முடியாது என்றால் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுப் புறநோயாளி சீட்டு போட்டு, “ஸ்லீப் ஸ்டடி இங்கே எடுக்கிறீர்களா, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கருவி குறைவாக இருப்பதால் வரிசை நீளம். பெயரைப் பதிந்துவிட்டு மற்ற பரிசோதனைகளை அதற்குள் முடிக்கலாம்.

தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அல்பிரசோலம் போன்றவையும் மதுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டும். ரொம்ப நாளாகச் சாப்பிடுவதைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

5. வீட்டுச் சோதனையா, லேப் சோதனையா?

லெவல் 1 என்பது மருத்துவமனையில் ஒரு இரவு படுத்து எடுப்பது. தலையில், கண்ணோரம், தாடையில், காலில் ஒயர்கள், மூக்கில் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், ஈசிஜி. டெக்னீஷியன் இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விசாரித்த இடங்களில் சுமார் 10,000 முதல் 20,000 ரூபாய்; அறை வாடகை சேர்ந்ததா தனியா என்று கேட்டுவிடுங்கள்.

லெவல் 3 என்பது வீட்டில் எடுப்பது. மூக்குக் குழாய், பெல்ட், விரல் கிளிப் மட்டும். சுமார் 4,000 முதல் 8,000 ரூபாய். சொந்தப் படுக்கையில் தூங்கலாம், அறிகுறிகள் தெளிவாக இருப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் இதில் மூளை அலை பதிவாவதில்லை. ஆள் தூங்கினாரா, விழித்துப் படுத்திருந்தாரா என்று கருவிக்குத் தெரியாது. மூச்சு நின்ற எண்ணிக்கையைப் பதிவான மொத்த நேரத்தால் வகுப்பதால் நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். அதனால், அறிகுறி நிறைய இருந்தும் வீட்டுச் சோதனை ‘நார்மல்’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் லேப் சோதனை கேளுங்கள். இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், நரம்புத்தசை நோய் உள்ளவர்கள், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவர்கள் நேராக லேப்புக்குத்தான் போக வேண்டும்.

லேப் சோதனையில் ‘ஸ்ப்ளிட் நைட்’ செய்வார்களா என்று கேளுங்கள். முன்னிரவிலேயே நோய் கடுமை என்று தெரிந்தால், பின்னிரவில் மாஸ்க் போட்டு எவ்வளவு காற்றழுத்தம் தேவை என்றும் பார்த்துவிடுவார்கள். ஒரே இரவில் இரண்டு வேலை முடியும். இல்லாவிட்டால் இன்னொரு இரவு, இன்னொரு பில்.

ஒரு பொறி: மெஷின் விற்கும் கடைக்காரரே “சோதனை இலவசம்” என்று வீட்டுக்கு வருவார். அறிக்கை கருவியிலிருந்து தானாக அச்சாகி வரும், மருத்துவர் கையெழுத்து இருக்காது. எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்தார். அவர் கொடுத்த அறிக்கையைப் பார்த்த மருத்துவர், பதிவில் பாதி நேரம் விரல் கிளிப்பே கழன்றிருக்கிறது என்று காட்டினார். விற்பவரே சோதிக்கக் கூடாது. பதிவைத் தூக்க மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் நல்ல பதிவு இருக்க வேண்டும்.

6. சோதனை இரவு

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். காலையிலேயே ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. ஆண்கள் ஷேவ் செய்துகொண்டு போகலாம். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், மருதாணி கறுத்துப் பிடித்திருந்தால் வேறு விரலில் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம், பகல் தூக்கமும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை எப்போதும் போல எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் தவிர. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, லுங்கி அல்லது நைட்டி, சொந்தத் தலையணை.

“இந்த ஒயரோடு எப்படித் தூங்குவது?” என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கினாலும் பெரும்பாலும் தேவையான அளவு பதிவு கிடைத்துவிடும்.

7. அறிக்கையில் எங்கே பார்ப்பது

நான்கைந்து பக்கம் இருக்கும். முதலில் ஏஎச்ஐ: ஒரு மணி நேரத்துக்கு மூச்சு நின்றதும் மிகவும் குறைந்ததும் எத்தனை முறை என்ற எண். 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. அடுத்து ஆக்சிஜன் எதுவரை இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். ஏஎச்ஐ நடுத்தரமாக இருந்தும் நீண்ட நேரம் 90-க்குக் கீழே கிடந்தால் மருத்துவர் அதைத் தனியாகக் கவனிப்பார்.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் எண் அதிகமா என்றும் கேளுங்கள். அப்படி என்றால், லேசான நோய்க்கு ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் நன்றாகவே உதவும். தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவியும் லேசு, நடுத்தர நிலைகளில் ஒரு வழி. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

அறிக்கை கைக்கு வர இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகலாம். அச்சுப் பிரதியோடு பிடிஎஃப்பும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு காப்பீடு, அலுவலகம், வேறு மருத்துவர் என எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்.

8. மெஷின் வாங்குவது

இங்கேதான் பெரிய பணம் போகிறது, இங்கேதான் அவசரப்படுத்துகிறார்கள். பொறுமையாக இருங்கள்.

சிபேப் மெஷின் மாஸ்க் வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரே அழுத்தத்தில் ஓடுவது ஒரு வகை. தேவைக்கேற்பத் தானாகக் கூட்டிக் குறைப்பது ஆட்டோ சிபேப். பைபேப் மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் தரும். கரியமிலவாயு தேங்குபவர்களுக்கும், சிபேப் ஒத்துவராத சிலருக்கும்தான் அது தேவை. “பைபேப்தான் பெஸ்ட்” என்று கடையில் சொன்னால் மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள். சீட்டில் மெஷின் வகை, அழுத்த அளவு, மாஸ்க் வகை மூன்றும் எழுதி வாங்குங்கள்.

விலை, நான் கேட்டவரை: ஆட்டோ சிபேப் சுமார் 40,000 முதல் 80,000 ரூபாய், ஒரே அழுத்த மெஷின் அதைவிடக் குறைவு. மாஸ்க் தனியாக 3,000 முதல் 10,000. சில இடங்களில் மாத வாடகைக்குத் தருகிறார்கள். முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதையே நான் சொல்வேன். வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

மெஷினைவிட மாஸ்க்தான் முக்கியம். தொண்ணூறு சதவீதம் பேச்சு மெஷின் பிராண்டைப் பற்றி நடக்கிறது, ஆனால் பாதியில் விடுபவர்கள் பலரும் மாஸ்க்கால்தான் விடுகிறார்கள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் தெரியாது. கடையிலோ மருத்துவமனையிலோ மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்து, மெஷினை ஓடவிட்டு, பத்து நிமிடமாவது பாருங்கள். மூக்கால் மூச்சு விடுபவருக்கு மூக்கு மாஸ்க் போதும். வாய் திறந்து தூங்குபவருக்கு முழு மாஸ்க். மீசை, தாடி இருந்தால் காற்று கசியும். மூக்குத் துளைக்குள் பொருந்தும் வகையைக் கேளுங்கள். அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர், ஐசிடி (இதயத்துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது) போன்ற கருவி உடம்பில் இருந்தால், காந்தக் கிளிப் வைத்த மாஸ்க் வேண்டவே வேண்டாம். காந்தம் அந்தக் கருவியின் வேலையைக் குழப்பும். பக்கத்தில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும். இதய நோயாளிகளுக்கு விற்கும்போதுகூடப் பல கடைகளில் இதைக் கேட்பதில்லை.

பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்குவதானால் மாடலையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரை சிதைந்து, அதன் துகளும் வாயுவும் மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். அப்படிப்பட்ட மெஷின்கள் கைமாறி நம் ஊர்ச் சந்தைக்கும் வரலாம். மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

ஈரப்பதமூட்டியில் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கு விற்கும் கேனை ஊற்றாதீர்கள். அது மூச்சில் போவதற்குத் தயாரிக்கப்பட்டதல்ல. கேன் தண்ணீரும் போர் தண்ணீரும் உப்புப் படியவைக்கும். கடலோர ஊர்களில் ஏசி இல்லாமல் தூங்குபவருக்கு ஈரப்பதமூட்டி பெரும்பாலும் தேவைப்படாது.

9. காப்பீடு

இதில் ஏமாற்றம் அதிகம், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்வது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் ஒன்று, எண் 04. ஆகவே ஒரு இரவு ஸ்லீப் ஸ்டடிக்கு “அட்மிஷன் போட்டு கிளைம் பண்ணிடலாம்” என்று மருத்துவமனை மேசையில் சொன்னாலும் நம்பிப் போகாதீர்கள். நிராகரிப்புக் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். சிபேப் மெஷினும் பெரும்பாலான பாலிசிகளில் தரப்படாத பொருள் பட்டியலில் இருக்கிறது. புறநோயாளிச் செலவுக்குத் தனியாகத் தொகை உள்ள பாலிசி என்றால் கிடைக்க வழி உண்டு. அலுவலகக் குழுக் காப்பீடு என்றால் மனிதவளப் பிரிவில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் சிஜிஎச்எஸ் மூலம் மெஷினுக்குப் பணம் பெறலாம், ஆனால் முன் அனுமதி முக்கியம். வாங்கிவிட்டுப் பிறகு பில் கொண்டுபோனால் சிக்கல். லேப் சோதனை அறிக்கைதான் வேண்டுமா, வீட்டுச் சோதனை செல்லுமா என்று சோதனைக்கு முன்பே வெல்னஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். ஈஎஸ்ஐ உள்ளவர்களும் அதே வரிசையில் போக வேண்டும்: மருந்தகம், பரிந்துரை, அனுமதி, பிறகுதான் கடை.

புதுப் பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால் மாரடைப்பு நேரத்தில் மொத்தக் கிளைமும் போய்விடலாம்.

10. முதல் மூன்று மாதம்

முதல் வாரம் கஷ்டம். மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கும், மூக்கு வறளும், மூக்குத் தண்டில் தழும்பு வரும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கை மாட்டிப் பழகச் சொல்லுங்கள். மெதுவாக அழுத்தம் கூடும் ‘ராம்ப்’ வசதியைப் போடுங்கள். மாஸ்க்கை இறுக்கிக் கட்டினால் கசிவு நிற்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் இறுக்கினால்தான் கசிவு கூடும்.

ஒரு மாதம் கழித்து மெஷினில் பதிவான கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம், மாஸ்க் போட்டும் மிச்சமிருக்கும் ஏஎச்ஐ 5-க்குக் கீழே இருக்கிறதா, கசிவு எவ்வளவு. ஒரு இரவுக்கு நான்கு மணி நேரம் என்பது பல நாடுகளில் காப்பீட்டுக்காரர்கள் வைத்த கோடு, உடம்பு வைத்த கோடு அல்ல. தூங்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். 2016-ல் வெளியான சேவ் என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சிபேப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பகல் தூக்கமும் மனநிலையும் அவர்களுக்கும் தேறின.

எனவே எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும். மெஷினால் பிபி சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும். மருந்துக்கு அடங்காதவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கலாம். சுகருக்குக் கிடைக்கும் பலன் ஆளுக்கு ஆள் மாறும். மெஷின் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் பகலில் விழிப்பு வந்தால் நடக்கத் தெம்பு வரும். மெஷினால் மட்டும் எடை இறங்காது, உணவையும் நடையையும் வைத்துத்தான் குறைக்க வேண்டும். பத்து சதவீதம் எடை குறைந்தால் ஏஎச்ஐ நாலில் ஒரு பங்கு குறையும் என்று விஸ்கான்சின் ஆய்வு சொல்கிறது. நல்ல அளவு எடை குறைந்தாலோ கூடினாலோ மறுபடி சோதித்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். மூன்று மாத முடிவில் எச்பிஏ1சி, வீட்டு பிபி நோட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு பிபி, சுகர் மருத்துவர்களிடம் போய், ஸ்லீப் அறிக்கையை அவர்கள் ஃபைலிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாராந்திர வேலை: மாஸ்க்கின் மெத்தையைத் தினமும் துடைக்கவும், வாரம் ஒரு முறை மிதமான சோப்புத் தண்ணீரில் குழாயோடு கழுவி நிழலில் காயவைக்கவும். ஃபில்டரை மாதம் ஒரு முறை பாருங்கள்; தெருப்புழுதி உள்ள வீட்டில் சீக்கிரம் கறுக்கும்.

11. மின்வெட்டு, பயணம், ஆபரேஷன்

இன்வெர்ட்டரில் மெஷின் நன்றாக ஓடும். ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் மின்சாரம் வெகுவாகக் குறையும்.

ரயிலில் இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை சார்ஜ் முனைகளை அணைத்துவைப்பதாக 2021-ல் அறிவித்தார்கள். மெஷினுக்கு வேண்டிய நேரம் அதேதான். இரவு ரயில் என்றால் தனி பேட்டரி வாங்குங்கள், இல்லையென்றால் பகல் ரயிலில் போங்கள். விமானத்தில் மெஷினைக் கைப்பையாகக் கொண்டுபோங்கள், லக்கேஜில் போடாதீர்கள். மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

சிகிச்சை சீராகிப் பகல் தூக்கம் விலகும் வரை இரவில் கார், லாரி, பைக் எதையும் நீண்ட தூரம் ஓட்ட விடாதீர்கள். கண்ணசந்தது தனக்கே தெரியாது என்பதுதான் இந்த நோயின் குணம்.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும், கண் புரை ஆபரேஷனே ஆனாலும், மயக்க மருத்துவரிடம் ஸ்லீப் அப்னியா உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். மயக்க மருந்தும் அதற்குப் பின் தரும் வலிமருந்தும் தொண்டையைத் தளர்த்தும். மெஷினையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் இரவு அது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.